மூன்றாவது இடம் யாருக்கு

அத்தியாயம் ஆறு

"நாலு மணிக்கு என் தம்பியோட லைசென்ஸை ரத்து பண்ணிடுவாங்க. அதோட விடமாட்டாங்க, கோர்ட்டுக்கும் இழுப்பாங்க. இப்போ மணி பன்னிரண்டரை. நீங்க ரெண்டு பேரும் அரை மணி நேரமா ஒரே போட்டோவைத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

சொன்னவர் சாவிக்கடை அக்கா. பூட்டு திறக்காமல் தவிப்பவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவர், அதனால் குரலை உயர்த்தாமலே திட்டத் தெரிந்தவர். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. என் பைக் மாதத்துக்கு இரண்டு முறை காற்று போய் நிற்பதால் ஊரே என்னைப் பஞ்சர் என்கிறது. வயது முப்பத்தெட்டு. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் நான் உதவியாளன், டிரைவர், ஃபேன் ரிப்பேர்காரன், மூன்றும். எனக்கு எதிரே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர் வக்கீலம்மா. அவர் வக்கீல் இல்லை. இரண்டாம் வருஷத்திலேயே சட்டக் கல்லூரிக்கு முழுக்குப் போட்டவர். ஆனாலும் அவர் ஒரு கேள்வி கேட்டால் எதிரே இருப்பவர் தானாக நிமிர்ந்து உட்கார்வார், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வழக்கு இதுதான். ஒன்பது நாளைக்கு முன்னால், காலை பத்தரை மணி. அக்காவின் தம்பி ஆஸ்பத்திரி லாண்டரி வேன் ஓட்டுகிறவர். அழுக்கு பெட்ஷீட் மூட்டைகளோடு போனவர், சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும் லாண்டரி கேட்டுக்குத் திரும்பப் போகிறார். இண்டிகேட்டர் போடுகிறார். பின்னாலிருந்து ஒரு பைக் அவரை முந்திக்கொண்டு போகிறது. கண்ணாடியில் பார்க்கிறார், நான்கு விளக்குகள் அடக்கமாகப் பின்னால் வரிசையில் வருகின்றன. சரியென்று திரும்புகிறார். வரிசையிலிருந்து ஒரு பைக் பாய்ந்து வந்து வேனின் விலாவில் மோதுகிறது. ஓட்டி வந்தவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். இடுப்பெலும்பு முறிவு, தலையில் அடி. கண் விழித்துவிட்டாள், ஆனால் அன்றைக்கு நடந்த எதுவும் ஞாபகமில்லை.

இண்டிகேட்டர் போட்டதாகத் தம்பி சொல்கிறார். விளக்கு நொறுங்கிப் போனதால் அதற்குச் சாட்சி அவர் ஒருவர்தான். எதிர்த்தரப்பிலோ நான்கு பேர். நான்கு பேரும் ஒரே பைக் கிளப். அந்தக் கிளப்பின் கேப்டன் ஊரறிந்த மனிதர். பைக் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார், பள்ளிக்கூடங்களில் சாலைப் பாதுகாப்புப் பாடம் எடுக்கிறார், பாதிப் பேருந்துகளின் முதுகில் அவர் முகம் சிரிக்கிறது. மற்ற மூவர் ஒரு பல் டாக்டர், ஒரு நில அளவையாளர், ஒரு இசை டீச்சர். நான்கு பேரும் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

'நாங்கள் நால்வர் மட்டுமே வரிசையில் சென்றோம். அந்தப் பெண் எங்களுக்கு அறிமுகமில்லாதவர். தனியாக வந்து எங்களைத் தாண்டிச் சென்றார். வேன் சிக்னல் காட்டாமல் திரும்பியது.'

"அந்தப் பொண்ணை முன்னப்பின்ன தெரியாத நாலு பேர்," என்றார் வக்கீலம்மா. "அவளுக்குச் சாதகமா பொய் சொல்ல அவங்களுக்கு ஒரு காரணமும் இல்ல. அதனாலதான் அதிகாரி அப்படியே நம்பறார். அவ அவங்க கூட வந்தவள்னு காட்டிட்டா, நாலு வாக்குமூலமும் குப்பைக்குப் போயிடும்."

"காட்டுங்க," என்றார் அக்கா.

அதுதான் முடியவில்லை. மூன்று நாளாகக் கிளப்பின் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து டீக்கடை வரை அலசியாகிவிட்டது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. பெண்ணின் அப்பாவுக்கு அவள் பைக் வாங்கியதே விபத்துக்குப் பிறகுதான் தெரியும். கையில் இருந்தது அந்த ஒரே ஒரு போட்டோ. பக்கத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஒருவர், விபத்து நடந்த அடுத்த நிமிடமே மேலிருந்து எடுத்தது. வேன் குறுக்கே நிற்கிறது. அதன் விலாவில் அந்தப் பெண்ணின் பைக். வேனுக்கு முன்னால் தூரத்தில் கேப்டன். பின்னால் மற்ற மூவரும் பிரேக் பிடித்து நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். போலீஸ் பார்த்தது, அதிகாரி பார்த்தார், நாங்கள் நாற்பது முறை பார்த்தோம். ஒன்றும் புலப்படவில்லை.

"பஞ்சர், வண்டியை எடு," என்றார் வக்கீலம்மா. "போட்டோவைப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. அந்த டாக்டரோட பல்லைப் பாக்கலாம்."

அக்கா லைசென்ஸ் ஆபீசுக்குக் கிளம்பினார். நாங்கள் டிராஃபிக்கில் மாட்டினோம்.

டிராஃபிக் என்றால் அப்படி ஒரு டிராஃபிக். ஹாரன் அடிப்பவனுக்கும் தெரியும், அடித்தால் ஒன்றும் நகராது என்று. இருந்தும் அடித்தான். நான் கிடைத்த சந்தில் புகுந்து ஒரு பேருந்தின் பக்கவாட்டில் போய் நின்றேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"அந்த பஸ்ஸோட சைடு கண்ணாடியில டிரைவர் முகம் தெரியுதா உனக்கு?"

"இல்ல மேடம்."

"அப்போ அவருக்கும் நீ தெரியல. அவரைப் பொறுத்தவரைக்கும் நீ பிறக்கவே இல்ல. ஓரங்கட்டினார்னா ரெண்டு பேரும் அப்பளம் ஆயிடுவோம். பின்னால வா."

பின்னால் வந்தேன். வந்த இடம் சிக்னல் கோட்டுக்கு முன்னால், பாதையின் நட்டநடுவே. காலை ஊன்றினேன், செருப்பு வழுக்கியது. வண்டி ஆடியது. மேடம் என் தோளைப் பிடித்த பிடியில் தையல் விட்டது.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ஒவ்வொரு வண்டியும் சிக்னல்ல நின்னு இந்த நடுப்பட்டையிலதான் ஆயிலைச் சொட்டுது. கார் டயர் ஓடற தடம் ரெண்டு இருக்கு பாரு, ஓரத்துப் பக்கம் ஒண்ணு, கோட்டுப் பக்கம் ஒண்ணு. அது ரெண்டுல ஒண்ணைப் பிடிச்சு ஓட்டணும். பைக் ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தனும் நடுவுல..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் திட்டுவதைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து மடியில் விரித்திருந்தார்.

"பஞ்சர். இந்த மூணு வண்டியும் எங்க நிக்குது?"

"ரோட்லதான்."

"தடத்துல நிக்குது. கண்ணெதிர ஒருத்தி மோதி விழறா, பதறி பிரேக் பிடிக்கறாங்க, அப்பவும் ஒருத்தர்கூட நடுப்பட்டைக்கு வரல. அவ்வளவு பழக்கம். கூட்டமா போறப்போ எப்படிப் போவாங்கன்னு தெரியுமா? முதல் ஆள் கோட்டுப் பக்கத் தடம். ரெண்டாவது ஓரத்துப் பக்கம். மூணாவது கோட்டுப் பக்கம். நாலாவது ஓரம். ஒருத்தர் விட்டு ஒருத்தர். பக்கத்துல பக்கத்துல போனா தப்பிக்க இடம் இருக்காது, ஒருத்தர் பின்னால ஒருத்தர் போனா முன்னால தெரியாது. அதனால இப்படி."

நான் எட்டிப் பார்த்தேன். வேனுக்குப் பின்னால் முதலில் பல் டாக்டர், ஓரம். அடுத்து நில அளவையாளர், அவரும் ஓரம். கடைசியில் டீச்சர், கோட்டுப் பக்கம்.

"ஓரம், ஓரம், கோடு," என்றேன். "தாளம் தப்புதே மேடம். அதுவும் ஒரு மியூசிக் டீச்சர் இருக்கற இடத்துல."

"டாக்டருக்கும் அளவையாளருக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவுன்னு பாரு. மத்ததைவிட ரெண்டு பங்கு. பல் விழுந்த இடம் மாதிரி ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில, கோட்டுப் பக்கம், ஒரு பைக்கை வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். கேப்டன் கோடு, டாக்டர் ஓரம், அவள் கோடு, அளவையாளர் ஓரம், டீச்சர் கோடு. கச்சிதமாக உட்கார்ந்தது. கேப்டன் முந்திப் போன பிறகு தம்பி கண்ணாடியில் பார்த்த நான்கு விளக்குகளும் கணக்குக்கு வந்துவிட்டன.

"வாய் நாலுன்னு சொல்லுது, டயர் அஞ்சுன்னு சொல்லுது," என்றார் வக்கீலம்மா. "இடம் காலியானா பின்னால இருக்கறவங்க கேப்டன் சொல்லாம முன்னேற மாட்டாங்க. அவ எழுந்து போன இடத்தை அப்படியே விட்டுவெச்சிருக்காங்க, பாவம், ஒழுங்கானவங்க."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். எனக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அது டாக்டரின் கிளினிக் வாசல் வரைதான் நிலைத்தது.

பல் டாக்டர் எங்களை உள்ளே விட்டதே அதிசயம். நாற்காலியில் ஒரு நோயாளி வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார். வாய்க்குள் பஞ்சு, உறிஞ்சும் குழாய். பேச முடியாதே தவிர, எங்கள் பேச்சு முழுவதையும் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு அங்கேயே வந்து சொல்றேனே," என்றார் டாக்டர்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றார் வக்கீலம்மா. "கிளப் வரிசையில நீங்க எத்தனாவது?"

"ரெண்டு. எப்பவுமே."

"எந்தத் தடம்?"

"ஓரத்துப் பக்கம்."

"மூணாவது ஆள்?"

"கோட்டுப் பக்கம்."

"இஷ்டத்துக்கு மாறிக்கலாமா?"

"மாறினா கேப்டன் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார்." சொல்லும்போது அவர் குரலில் பெருமைகூட இருந்தது.

வக்கீலம்மா போட்டோவை நீட்டினார். "அப்போ உங்க பின்னால நிக்கறவர் ஏன் ஓரத்துல நிக்கறார்?"

டாக்டர் பார்த்தார். பல் குடையும் மெஷின் கையிலேயே கொஞ்ச நேரம் சும்மா சுற்றியது. பிறகு அணைத்தார்.

"பதட்டத்துல ஒதுங்கியிருப்பார்."

"சரி. அவருக்குப் பின்னால வந்த டீச்சர், அதே பதட்டத்துல எதிர்ப்பக்கம் ஒதுங்கினாங்களா?"

"நான் முன்னால பார்த்து ஓட்டறவன். பின்னால யார் எங்க நின்னாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?" டாக்டர் முகமூடியை மறுபடி மூக்குக்கு ஏற்றினார். "பேஷண்ட் காத்துக்கிட்டு இருக்கார்."

நோயாளி தலையை இடமும் வலமும் ஆட்டினார். தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்கிறாராம். டாக்டர் மெஷினைப் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா வாசல் படியில் கைப்பையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். அவருக்குக் கோபம் வந்தால் பொருள்களுக்குத்தான் ஆபத்து.

"தெரியுது அவருக்கு. வாயைத் திறக்க மாட்டேங்கறார். ஊரார் வாயையெல்லாம் திறக்கறவர், தன் வாயைத் தெச்சு வெச்சிருக்கார். பதட்டத்துல ஒதுங்கினோம்னு நாலு பேரும் அங்க வந்து சொல்லிட்டா அந்த அதிகாரியும் தலையாட்டிடுவார்."

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம்."

"இப்பவா?"

"மூணாவது இடத்துல இருந்தவ வேனை முந்தப் போனா, சரி. ஆனா ரெண்டாவது இடத்துல இருந்த டாக்டர் ஏன் போகல? முதல் ஆள் போயாச்சு, அடுத்தது ரெண்டாவது ஆள்தானே போகணும். அவர் நகராம நிக்கறார், அவருக்குப் பின்னால இருக்கறவ அவரையும் தாண்டிப் போறா. அவ்வளவு ஒழுங்கான கூட்டத்துல புதுசா வந்தவளுக்கு அந்தத் தைரியம் எப்படி வந்தது?"

வக்கீலம்மா தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"இதை உள்ளேயே கேட்டிருக்கணும். ஏன்டா எனக்குத் தோணல?" என்றார். அதற்குப் பதில் சொல்வது என் உத்தியோகத்துக்கு நல்லதில்லை என்பதால் பைக்கை உதைத்தேன். மணி இரண்டே கால்.

ஆஸ்பத்திரியில் பாஸ் வாங்கவே இருபது நிமிடம். உள்ளே போனால் பாஸைப் பார்க்கக்கூட ஆளில்லை. பெண்ணின் அப்பா வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். நீலச் சட்டையில் கிரீஸ் கறை, மடியில் மகளின் பொருள்கள் உள்ள பெரிய பிளாஸ்டிக் பை.

"நாங்க வேன் டிரைவர் தரப்பு," என்றார் வக்கீலம்மா நேராக.

"அப்போ எழுந்து போங்க."

"போறேன். ஒரு நிமிஷம் மட்டும். அவங்க எழுதிக் கொடுத்ததைப் படிச்சீங்களா? உங்க பொண்ணு யாருன்னே தெரியாதாம். எங்கிருந்தோ தனியா வந்து எல்லாரையும் தாண்டிப் பாஞ்சாளாம். அந்தக் காகிதத்துல அவ கண்ணுமண்ணு தெரியாம ஓட்டினவ. இன்னைக்கு நாலு மணிக்கு அதுதான் உண்மைன்னு ஆகப் போகுது."

அவர் நிமிர்ந்தார். எழுந்து நின்றால் என்னைவிட ஒரு சாண் உயரம். அடி விழப்போகிறது என்று நினைத்து நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

"என் பொண்ணு தெரு தாண்டறப்போகூட ரெண்டு தடவை ரெண்டு பக்கமும் பாக்கறவ," என்றார். "எனக்குத் தெரியாம வண்டி வாங்கினா, அது தப்பு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல. ஆனா யாரும் சொல்லாம அவ பாஞ்சிருக்க மாட்டா."

சொல்லிவிட்டு அவர் உடைந்து போனார். பையை வக்கீலம்மாவிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கஷ்டமாக இருந்தது.

பையில் ஒரு ஜாக்கெட், ஒரு ஷூ, ஒரு ஹெல்மெட். ஹெல்மெட்டின் ஒரு பக்கம் தார்ச்சாலையில் தேய்ந்திருந்தது. மறு பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே காதுக்கு ஸ்பீக்கர், வாய்க்கு மைக்.

"பேசற ஹெல்மெட்," என்றேன். "கூட்டமா போறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறது."

"தனியா ஓட்டறவ யார்கூடப் பேசறதுக்கு இதை வாங்கினா?" என்றார் வக்கீலம்மா. பெண்ணின் அப்பா மெல்லத் திரும்பி ஹெல்மெட்டைப் பார்த்தார். இத்தனை நாள் மடியில் வைத்திருந்தும் அதை அவர் திறந்து பார்க்கவில்லை.

பட்டனை அழுத்தினேன். உயிரில்லை. ஒன்பது நாளில் பாட்டரி செத்துவிட்டது. வார்டு வாசலில் செல்போன் சார்ஜ் செய்ய இரண்டு பிளக்குகள் இருந்தன. ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஒரு அம்மாள் போனைப் போட்டுவிட்டு மருமகளோடு வீடியோவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சண்டை முடியப் பதினெட்டு நிமிடம் ஆனது. நியாயம் மருமகள் பக்கம் என்பது என் கருத்து, ஆனால் யாரும் கேட்கவில்லை.

"ஒரு குழுவில சேர்த்த ஹெல்மெட்டை ஆன் பண்ணினா, பக்கத்துல அந்தக் குழு இருந்தா தானாப் போய்ச் சேர்ந்துக்கும்," என்றேன், செருகியபடி. "என் மச்சினன் இதுல ஒண்ணு வெச்சிருக்கான்."

"பக்கத்துலன்னா எவ்வளவு?"

"அரை கிலோமீட்டர்."

"கேப்டன் இப்போ எங்க இருப்பார்?"

"லைசென்ஸ் ஆபீஸ் பின்பக்க மைதானத்துல. அங்கதான் அவர் பாடம் எடுக்கறது. விசாரணைக்குக் கூப்பிடற வரைக்கும் வகுப்பை நிறுத்த மாட்டாராம், அக்கா சொன்னாங்க."

கால் மணி நேரம் சார்ஜ் ஏறியதும் வக்கீலம்மா பிளக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு விசாரணை அறைக்குள் நுழைந்தோம். மேஜைக்குப் பின்னால் போக்குவரத்து அதிகாரி. ஒரு பெஞ்சில் டாக்டர், அளவையாளர், இசை டீச்சர். எதிர் பெஞ்சில் அக்காவும் தம்பியும். தம்பி தன் லைசென்ஸ் அட்டையைக் கையில் பிடித்திருந்தார், அது இன்னும் ஐந்து நிமிடத்துக்கு அவருடையது.

போட்டோவைக் காட்டி தடம், இடைவெளி, ஐந்து இடம் எல்லாவற்றையும் வக்கீலம்மா விளக்கினார். அதிகாரி கேட்டார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"பதட்டத்துல ஒதுங்கினோம்," என்றார் அளவையாளர்.

"பதட்டத்துல ஒதுங்கினோம்," என்றார் டாக்டர்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார்.

"இன்னும் ஒரு பொருள் இருக்கு," என்று ஹெல்மெட்டை மேஜையில் வைத்தார் வக்கீலம்மா.

"புதுசா ஏதாவது கொடுக்கறதா இருந்தா மூணு நாளைக்கு முன்னாடியே மனு கொடுக்கணும்."

"மனு கொடுக்கல. மேஜை மேல வெச்சிருக்கேன், அவ்வளவுதான். ஃபேனை மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க, சத்தமா இருக்கு."

அதிகாரி பெருமூச்சு விட்டு ஃபேனை நிறுத்தச் சொன்னார். நான் பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒலியை முழுசாக ஏற்றினேன். எல்லாரும் ஹெல்மெட்டைப் பார்த்தோம்.

ஒன்றும் வரவில்லை.

அரை நிமிடம் போனது. அளவையாளர் இருமினார். ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தேன். ஐந்து பயிற்சி பைக்குகள் தடம் மாறி மாறி நின்றன. கேப்டன் முன்னால் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார், ஹெல்மெட் இன்னும் கக்கத்தில். போட்டுத் தொலையேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதிகாரி என்னை முறைத்தார்.

"போதும்மா," என்றார் வக்கீலம்மாவிடம். "நாலு பேர் சொன்னதை மறுக்க உங்ககிட்ட ஒண்ணுமில்ல." பேனா காகிதத்தில் இறங்கியது. அவர் முதல் வரியை எழுதினார். அக்கா தம்பியின் தோளில் கை வைத்தார். வக்கீலம்மா தோற்று நான் பார்த்த அந்த ஒரு நிமிடத்தை என்றைக்கும் மறக்க மாட்டேன், அவ்வளவு ஆத்திரமாக இருந்தது எனக்கு.

இரண்டாவது வரியில் பேனா நின்றது. மேஜையில் இருந்த ஹெல்மெட் கரகரத்தது.

"எல்லாரும் கேக்குதா? சரி. நான் முன்னால போயிட்டேன். இப்போதான் தேர்வு. மத்தவங்க யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது."

கேப்டனின் குரல். சின்ன ஸ்பீக்கர்தான், ஆனால் ஃபேன் நின்றிருந்த அந்த அறையில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு, நகராதே. மூணு, நீ மட்டும் வா. ரெண்டைத் தாண்டி வா. நீ எதையும் பாக்க வேண்டாம், உனக்காக நான் பாக்கறேன். ரோடு காலி."

டாக்டர் ஏன் நகரவில்லை என்று நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அவரை நகராதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

"இது அந்தப் பொண்ணோட ஹெல்மெட்," என்றார் வக்கீலம்மா மெதுவாக. "முன்னப்பின்ன தெரியாதவளோட ஹெல்மெட்டுல உங்க கேப்டன் பேசறார்."

இசை டீச்சர் எழுந்து நின்றார். "அதே வார்த்தைதான் அன்னைக்கும்," என்றார். "தேர்வு முடிஞ்சாதான் பதிவேட்டுல பேர் ஏறும். அன்னைக்குத்தான் அவளுக்குத் தேர்வு. அவர் வேனைத் தாண்டி முன்னால போயிட்டார், அவருக்கு முன்னாடி ரோடு காலிதான். பின்னால இருந்த எங்களுக்கு வேனோட இண்டிகேட்டர் எரியறது தெரிஞ்சது. அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். அவ தன் கண்ணை நம்பல, அவர் சொன்னதை நம்பினா." டாக்டர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறினார். "எச்சரிக்க என் ஹெல்மெட்டுலயும் மைக் இருந்தது. அவர் பேசறப்போ நாங்க பேசக் கூடாதுன்னு பழக்கம். நான் பேசல."

அதிகாரி எழுதிய தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

ஜன்னலுக்கு வெளியே வரிசையில் மூன்றாவதாக நின்ற பயிற்சிப் பெண் இன்னும் கிளம்பவில்லை. கால் தரையில், கழுத்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"மூணு, என்ன தயக்கம்? காலின்னு சொல்றேன்ல," என்றது ஹெல்மெட்.

அக்கா எழுந்து வந்தார். யாரையும் கேட்கவில்லை. தேய்ந்த பக்கம் உள்ளங்கையில் படும்படி ஹெல்மெட்டை எடுத்து, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார். அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை.

"கேப்டன், நீங்க காலின்னு சொன்ன ரோட்ல என் தம்பி இருந்தான்."